பேரனின் தலையும் 11 மில்லிமீட்டரும்!

நான் சடையங்குப்பத்தில் வசிக்கும் ஐம்பத்து நான்கு வயதுக் குடும்பத் தலைவி. பேரன் விஷயத்தில் நாங்கள் பட்ட பாட்டை எழுதினால், கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு சகோதரிக்காவது பயன்படுமே என்றுதான் இந்தக் கடிதம்.

2023 மே மாதம் என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு வந்தவள் என் வீட்டில்தான் இருந்தாள். குழந்தை எந்நேரமும் வலப்பக்கமே தலையைத் திருப்பிப் படுத்திருப்பான். 'ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிறான்' என்று நானும் விட்டு விட்டேன். நாலாம் மாதம் ஒருநாள் குளிப்பாட்டும்போது பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, புள்ளைக்கு மண்டை ஒரு பக்கம் சப்பையா கீதே!" என்று கேட்டு விட்டார். மகள் அன்று இரவு சாப்பிடவேயில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். கடுகுத் தலையணை தைத்து வைத்தேன். எண்ணெய் தடவித் தலையை உருட்டிப் பிடித்தேன். டாக்டரிடம் போனபோது இரண்டுக்கும் திட்டு விழுந்தது. ஒரு வயது வரை தலையணையே கூடாதாம்; தலையைக் கையால் அமுக்கவும் கூடாதாம். "தூங்கும்போது மல்லாக்கத்தான் போடணும், அதை மாத்தாதீங்க. முழிச்சிருக்கும்போது பக்கத்துல இருந்து குப்புறப் போட்டு விளையாட விடுங்க" என்றார். தூக்கத்தில் வரும் திடீர் மரணத்தைத் தடுக்க, குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று 1992-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொன்னார்கள். அதனால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. கூடவே சப்பைத் தலையும் கொஞ்சம் அதிகமாயிற்றாம்.

மண்டை ஓட்டின் இணைப்புகள் முன்கூட்டியே ஒட்டிக் கொண்டிருக்கின்றனவா என்றுதான் டாக்டர் முதலில் பார்த்தார். ஒட்டியிருந்தால் அது ஆபரேஷன் வரை போகும் வேறு விஷயம். நல்லவேளை, அப்படி இல்லை. கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருந்தது. அதற்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் விடாமல் செய்தோம். கழுத்து தளர்ந்தது; தலை அவ்வளவாக மாறவில்லை. அப்போதுதான் ஹெல்மெட் பேச்சு வந்தது.

"தலை சுற்றளவு சரியாத்தானே இருக்குன்னு ஊசி போடும்போது சொன்னாங்க?" என்று கேட்டேன். நான் மட்டுமல்ல, பல பேர் குழம்புவது இங்கேதான். டேப்பால் எடுக்கும் சுற்றளவு, தலை வளர்கிறதா என்று மட்டுமே சொல்லும், உருவத்தைச் சொல்லாது. உருவத்துக்குக் குறுக்களவு எடுக்க வேண்டும். இடது நெற்றி ஓரத்திலிருந்து வலது பின்தலை வரை ஒன்று, வலது நெற்றி ஓரத்திலிருந்து இடது பின்தலை வரை இன்னொன்று. பாயை மூலைக்கு மூலை அளப்பது போலத்தான். பேரனுக்கு ஒன்று 143 மில்லிமீட்டர், மற்றது 132. வித்தியாசம் 11.

இந்த 11-ஐப் பெரிய அளவான 143-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 7.7 சதவீதம். அட்லாண்டா குழந்தைகள் மருத்துவமனை வகுத்த பட்டியல்படி 3.5-க்குள் இயல்பு, 6.25 வரை லேசு, 8.75 வரை நடுத்தரம், 11 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. எங்களுக்கு நடுத்தரம். பின்தலை முழுவதுமே தட்டையாக இருந்தால் கணக்கு வேறு. தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்துப் பார்ப்பார்களாம்.

டாக்டர் ஒளிக்காமல் பேசினார். 2014-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 84 குழந்தைகளில் பாதிப்பேருக்கு ஹெல்மெட் போட்டார்கள், பாதிப்பேரை அப்படியே விட்டார்கள். இரண்டு வயதில் பெரிய வித்தியாசம் இல்லையாம். ஆனால், கழுத்து இறுக்கம் உள்ள குழந்தைகளை அதில் சேர்க்கவில்லை. "யோசிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். மாப்பிள்ளை துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். மகள் வளையலை அடகு வைத்தாள். நவம்பரில் ஹெல்மெட் மாட்டினோம்.

ஒரு நாளைக்கு 23 மணி நேரம். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை ஊற்றும். கழற்றும் ஒரு மணி நேரத்தில் தலையைக் குளிப்பாட்டி, ஹெல்மெட்டைத் துடைத்துக் காய வைத்து, சிவந்த தடம் ஒரு மணி நேரத்துக்குள் மறைகிறதா என்று பார்க்க வேண்டும். மறையாவிட்டால் உடனே காட்ட வேண்டும்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஊரெல்லாம் வெள்ளம், அளவெடுக்கும் தேதி தவறிப் போயிற்று. மாதக் கடைசியில் போனபோது வேறொருவர் அளந்தார். வித்தியாசம் 12! மகள் அங்கேயே உட்கார்ந்து அழுது விட்டாள். "வளையலும் போச்சு, புள்ளையையும் வதைச்சுட்டேனே!" வழக்கமாக அளப்பவர் வந்து, அழுத குழந்தையை அமர்த்தி, அதே இடங்களில் குறி வைத்து மூன்று தரம் அளந்தார். 9 தான்! குழந்தை தலையை ஆட்டினாலும், கருவி கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் சில மில்லிமீட்டர் மாறி விடுமாம்.

மார்ச்சில் ஹெல்மெட்டைக் கழற்றியபோது அளவு 147, 142. வித்தியாசம் 5, 3.4 சதவீதம். பெரிய பக்கம் 4 மில்லிமீட்டர்தான் வளர்ந்திருந்தது, சப்பைப் பக்கம் 10. ஹெல்மெட் தலையை நசுக்குவதில்லை. புடைத்த இடத்தைத் தொட்டுக் கொண்டு, சப்பை இடத்தில் இடம் விட்டு வைக்கிறது. வளர்ச்சி அந்த இடத்தை நிரப்புகிறது. அதனால்தான் தலை வேகமாக வளரும் மாதங்களிலேயே மாட்டுகிறார்கள்.

குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டபோது ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. "சரி பண்ணது ஹெல்மெட்டா, வயசா?" என்று என் வீட்டுக்காரர் இன்னமும் கேட்பார். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. ஆனால், கையில் இருக்கும் சீட்டைப் படிக்கத் தெரியாததால்தான் என் மகள் அத்தனை அழுதாள் என்று மட்டும் தெரியும்.

சகோதரிகளே! தலை சப்பையாகத் தெரிந்தால் முதல் மூன்று, நான்கு மாதத்துக்குள் காட்டி விடுங்கள். அளந்தால் சீட்டில் இரண்டு குறுக்களவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆளை அளக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு அளவைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

- ஒரு பாட்டி, சடையங்குப்பம்.