உழிச்சிலில் கரையும் மூன்று மாதம்

திற்பரப்பு, குலசேகரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் ஒரே கதையைக் கேட்டு அலுத்துவிட்டது. அப்பாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், பிறகு வீட்டில் ஒரு மண்டலம் எண்ணெய் தேய்த்து உழிச்சில், அது போதாதென்று இன்னொரு மண்டலம். என்னிடம் சிகிச்சைக்குக் கொண்டுவரும்போது தோள் இறுகி, முதுகில் படுக்கைப் புண் வந்திருக்கும். உடம்பு வேகமாகத் தேறும் முதல் மூன்று மாதம் எண்ணெயோடு போயிருக்கும்.

அடி மூளையில், எண்ணெய் கையில்

கை கெட்டுப்போகவில்லை. அதை அசைக்கச் சொல்லும் உத்தரவுதான் வரவில்லை. நோயாளி தானே திரும்பத் திரும்ப முயன்றால்தான் மூளையின் மிச்சப் பகுதி அந்த வேலையைப் பழகும். பிறர் உழிந்தால் பழகாது. புறா ரத்தம் பூசினாலும் அப்படித்தான். புறா செத்ததுதான் மிச்சம். சூடான மருந்துக் கிழி ஒத்தடம் அதைவிட மோசம். உணர்ச்சி மங்கிய தோலுக்குச் சூடு உறைக்காது, வெந்த பிறகுதான் வீட்டார் பார்ப்பார்கள். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும்.

“பாவம், கிடக்கட்டும்”

பாசத்தில் செய்யும் தப்பு இது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போன மனிதருக்குச் சட்டைப் பொத்தானைக்கூட மகள் போட்டுவிடுகிறாள். அவரே போடட்டும், அரைமணி ஆனாலும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். படுத்தபடி கஞ்சி ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறு கரண்டியால் கொடுங்கள். விழுங்கும்போது இருமினால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள், கஞ்சி நுரையீரலுக்குப் போகக்கூடும். பேச்சு வராதவர் காதில் போய்க் கத்தவும் வேண்டாம். காரணமில்லாமல் அழுதால், அதற்கும் மருந்து உண்டு.

மாத்திரை வைத்தியம்

பிரஷர் சரியாகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்துகிறார்கள். சரியானதே அந்த மாத்திரையால்தானே! பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய ஆஸ்பிரினை வாங்கிக் கொடுப்பவர்களை என்ன சொல்ல? ரத்தக்கசிவால் வந்த வாதமென்றால் அது ஆளையே கொல்லக்கூடும்.

பிரஷர், சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை டாக்டர் சொன்ன தேதியில்.

பிசியோதெரபிக்குத் தினமும் வண்டி பிடிக்க முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள்.

இன்னொரு முறை வரலாம்

ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். பீடியை விடச் சொல்லுங்கள், கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்: வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள்ளேதான். வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு போன் செய்யலாம்.