பிறர் இட்ட பெயர்

ஆங்கிலப் படிவங்களில் எங்கள் இனத்தை ‘மூர்’ என்று நிரப்புகிறோம். போர்த்துக்கேயர் இட்ட பெயர் அது. ‘மௌரி’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. தமிழில் ‘சோனகர்’ என்றிருக்க, பிறர் இட்ட பெயர் எதற்கு என்று நான் வருந்தியதுண்டு. ஆங்கிலேயரின் பெயர்க்கதையை வாசித்தபின் அந்த வருத்தம் குறைந்தது.

பிரித்தானியாவில் குடியேறிய ஜெர்மானியருள் ஆங்கிள், சாக்சன், ஜூட் என்ற கூட்டத்தினர் இருந்தனர். அயலவரான வேல்ஸ் மக்கள் எல்லோரையும் சாக்சன் என்றே அழைத்தனர். உரோமிலிருந்த பாப்பரசர் முதலாம் கிரகரியோ எல்லோரையும் இலத்தீனில் ‘ஆங்கிலி’ என்றார். இத்தனைக்கும், 597இல் அவருடைய தூதுக்குழு சென்றிறங்கிய கென்ட், ஜூட்டுகள் குடியேறிய நிலம்!

731இல் பீட் என்னும் துறவி தமது இலத்தீன் வரலாற்று நூலில் இம்மூவரையும் ஒரே ‘ஆங்கிலி’ இனமாக எழுதினார். அவர் வாழ்ந்த நோர்தம்பிரியா ஆங்கிள்களின் நாடு. ஆயினும், பத்தாம் நூற்றாண்டில் சாக்சன் வழிவந்த மன்னர் அதெல்ஸ்தானும் தம் பட்டயங்களில் ‘ஆங்கிலிகளின் அரசர்’ என்றே பட்டம் சூடினார்.

ஒரு கூட்டத்தின் பெயரை வெளியார் எல்லோருக்கும் சூட்டினர். எல்லோரும் அதைத் தமதாக்கிக்கொண்டனர். அடுத்த படிவத்தை நான் தயங்காமல் நிரப்புவேன்.