சுருட்டையின் நஞ்சும் மாரடைப்பு மருந்தும்

அடி அண்ணாமலைப் பக்கம் காணும் வறண்ட பாறை நிலம் சுருட்டை விரியனுக்கு உகந்தது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இதன் நஞ்சையும் விஷமுறிவு மருந்துக்காக எடுக்கிறது. அந்த நஞ்சிலுள்ள எக்கிஸ்டாட்டின் என்ற 49 அமினோ அமிலப் பெப்டைடு, இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும். மாரடைப்பில் வேண்டியதும் அதுதான். நஞ்சையே கொடுத்தால் என்ன? அதில் திசுவைச் சிதைக்கும் நொதிகளும் உண்டே.  எனவே வேதியியலாளர்கள் எக்கிஸ்டாட்டினின் ஒட்டும் முனையை மட்டும் பார்த்து, பெப்டைடே அல்லாத டைரோஃபைபானைச் செய்தார்கள். விஷமே மருந்தானது என்பதெல்லாம் சற்று மிகைதான். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டைரோஃபைபான், சிரை வழியே ஏறி, சுமார் 2 மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகிவிடும். இந்தக் குறுகிய ஆயுளைக் குறை என்பார்கள். ஆனால் இரத்தக் கசிவு மிஞ்சினால் மருந்து ஏற்றுவதை நிறுத்தினாலே, சில மணி நேரத்தில் தட்டணுக்கள் வேலைக்குத் திரும்புகின்றன.