சர்டிஃபிகேட் இருக்கு, வேலை எங்கே? அரசுத் திறன் பயிற்சித் திட்டங்கள் ஒரு பார்வை

(எபிசோடின் ஒலிப்பதிவு, படிப்பதற்கு ஏற்றபடி சுருக்கித் தரப்பட்டுள்ளது.)

போன வருஷம் ஒருநாள் விழுப்புரத்திலிருந்து எங்க அக்கா போன் பண்ணாங்க. அவங்க பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சு ஒன்றரை வருஷம் ஆகுது, வேலை எதுவும் அமையல. ஒரு தனியார் பயிற்சி மையத்துல மூணு மாசக் கோர்ஸ் இருக்காம், கட்டணம் 60,000 ரூபாய், "நூறு சதவீதம் வேலை உறுதி"ன்னு நோட்டீஸ்ல போட்டிருக்காங்களாம். "தம்பி, என் வளையலை அடகு வச்சா பணம் புரட்டிடலாம். கட்டட்டுமா?"ன்னு கேட்டாங்க.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியல. ரெண்டு நாள் டைம் கேட்டு, அரசுத் திட்டங்கள், விதிகள் எல்லாத்தையும் எடுத்துப் படிச்சேன். அப்போ தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இன்னைக்கு உங்ககிட்ட பகிர்ந்துக்கப் போறேன்.

வேலை இல்லாதவர்கள் யார்?

மத்திய அரசு எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2023-24-ல் இந்தியாவின் மொத்த வேலையின்மை 3.2 சதவீதம். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்தால் அது 10.2 சதவீதம். 2017-18-ல் இளைஞர்களுக்கான இந்த எண் 17.8 ஆக இருந்தது. குறைஞ்சிருக்கு, ஆனாலும் மொத்த சராசரியைப் போல மூணு மடங்கு.

இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை ஒரு கணக்குச் சொல்லுது. 2022-ல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் வேலையின்மை 3.4 சதவீதம். பட்டதாரி இளைஞர்களிடம் 29.1 சதவீதம்!

அப்போ படிச்சதுதான் தப்பா? இல்லைங்க. வேலை தேடியும் கிடைக்காதவரைத்தான் இந்தக் கணக்கு "வேலையில்லாதவர்"னு சொல்லும். படிக்க வசதியில்லாத வீட்டுப் பையனால சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. கிடைச்ச கூலிக்குப் போயிடுவான், கணக்குல அவனுக்கு வேலை இருக்கு. டிகிரி முடிச்சவன், படிப்புக்கேத்த வேலை வரட்டும்னு காத்திருப்பான். அம்மா அப்பா சமாளிச்சுப்பாங்க. உயர்கல்வி சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 சதவீதமா இருந்த 2021-22-ல், தமிழ்நாட்டில் 47 சதவீதம். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனா இப்படிக் காத்திருக்கும் வீடுகள் நம்ம ஊர்ல அதிகம்ங்கறதும் இதுக்குள்ளேயே இருக்கு.

அரசு பணம் கொடுக்கும் மூன்று வழிகள்

திட்டங்களோட பேர் நிறைய இருக்கு, நினைவு வச்சுக்கறது கஷ்டம். அரசோட பணம் யார் கைக்குப் போகுதுன்னு பார்த்தால் மூணு வகையில அடக்கிடலாம்.

முதல் வகையில, பயிற்சி கொடுக்கும் மையத்துக்குப் பணம் போகும். 2015-ல் தொடங்கின பிரதமரின் கௌஷல் விகாஸ் யோஜனா இந்த வகை. 2016-20 கட்டத்துல ஒரு கோடிப் பேருக்குப் பயிற்சின்னு இலக்கு, 12,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. மையத்துக்குப் பணம் எப்படிப் போச்சுன்னு கவனிங்க. பயிற்சி தொடங்கினதும் 30 சதவீதம், மாணவர் தேறி சான்றிதழ் வாங்கினதும் 50 சதவீதம், வேலை கிடைச்சா மீதி 20 சதவீதம். அதாவது ஒருத்தருக்கும் வேலை கிடைக்கலைன்னாலும் 80 சதவீதப் பணம் வந்துடும். அந்த இடத்துல நீங்க இருந்தா எதுல கவனம் வைப்பீங்க? ஆள் சேர்க்கறதுல, தேர்வுல பாஸ் பண்ண வைக்கறதுல. கம்பெனி கம்பெனியா ஏறி இறங்க மாட்டீங்க.

இரண்டாவது வகையில, கம்பெனிக்குள்ளேயே வச்சுப் பழக்கினா உதவித்தொகையில ஒரு பங்கை அரசு ஏத்துக்கும். நாம அப்ரண்டீஸ்னு சொல்றது இதைத்தான்.

மூன்றாவது வகையில, புதுசா ஆள் எடுக்கும் முதலாளிக்கு ஊக்கத்தொகை. 2025 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்த திட்டத்துக்கு 99,446 கோடி ரூபாய். முதல் தடவை வேலைக்குச் சேர்பவருக்கு 15,000 ரூபாய் வரை, கூடுதலா ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஒரு ஆளுக்கு மாசம் 3,000 ரூபாய் வரை கிடைக்கும்.

அப்ரண்டீஸ்: பழைய சட்டம், பலருக்குத் தெரியாத வழி

என் சொந்த அனுபவம் ஒண்ணு சொல்றேன். நானும் டிப்ளமோதான். ஒரு தொழிற்சாலையில அப்ரண்டீஸா சேர்ந்த முதல் வாரம், சூப்பர்வைசர் ஒரு வெர்னியர் காலிபரைக் கையில கொடுத்து அளக்கச் சொன்னார். பரீட்சையில அதைப் படம் வரைஞ்சு மார்க் வாங்கினவன் நான். அளந்தா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வருது! சரியா அளக்க வர்றதுக்கு மூணு வாரம் ஆச்சு. அதைச் சொல்லிக்கொடுக்க அங்க ஒரு ஆள் இருந்தார், தினமும் அளக்க நிஜமான பொருள் இருந்தது. வகுப்பறையில இது ரெண்டும் கிடைக்காது.

ஜெர்மனியில இதையே நாட்டோட முறையா வச்சிருக்காங்க. வாரத்துல மூணு நாலு நாள் கம்பெனியில, மீதி நாள் தொழிற்பள்ளியில, சம்பளத்தோட. பெரும்பாலும் மூணு வருஷம், சிலதுக்கு மூன்றரை. இளைஞர் வேலையின்மை குறைவா உள்ள ஐரோப்பிய நாடுகள்ல ஜெர்மனி எப்பவும் முன்வரிசையில இருக்கறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நம்மகிட்டயும் 1961-லேயே தொழிற்பழகுநர் சட்டம் வந்துடுச்சு. 2019-ல் திருத்தின விதிகள்படி, 30 பேரோ அதுக்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்துல 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டீஸ் எடுத்தே ஆகணும். மாச உதவித்தொகை குறைந்தபட்சம் டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000 ரூபாய்னு அந்த விதிகள் வச்சது. டிப்ளமோ, டிகிரி முடிச்சவங்களுக்கு அதுல பாதியை மத்திய அரசு கொடுக்கும். தென்மாநிலங்களுக்கு இதைப் பார்க்கற வாரியம் சென்னை தரமணியில இருக்கு. ரயில்வே அப்ரண்டீஸ் முடிச்சவங்களுக்கு, ரயில்வேயின் லெவல்-1 நேரடி நியமனத்துல 20 சதவீத இடமும் உண்டு.

இதிலும் சிக்கல் உண்டு

சட்டப்படி அப்ரண்டீஸ் ஒரு பயிற்சியாளர், தொழிலாளி கிடையாது. பயிற்சி முடிஞ்சதும் வேலை கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை. மலிவான ஆளா ஒரு வருஷம் பயன்படுத்திட்டு அனுப்பிடற இடங்களும் இருக்கு.

இன்னொரு சிக்கல் பணம். 2024-ல் பெரிய நிறுவனங்களில் பயிற்சி தரும் பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்தது, மாசம் 5,000 ரூபாய். முதல் சுற்றுல 82,000-க்கு மேல் வாய்ப்புக் கடிதங்கள் போச்சு. ஏத்துக்கிட்டவங்க சுமார் 28,000 பேர், சேர்ந்தவங்க சுமார் 8,700 பேர்தான். "இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சோம்பல்"னு சொல்லிடலாம். ஆனா தெரியாத ஊர்ல 5,000 ரூபாயில ரூம் வாடகை கொடுத்து மூணு வேளை சாப்பிட முடியுமான்னு கணக்குப் போட்டுப் பாருங்க. வீட்டுலேர்ந்து பணம் அனுப்ப முடிஞ்சவங்கதான் போக முடியும். பொண்ணுங்களுக்குத் தங்கற இடம் பாதுகாப்பா இருக்கணும்ங்கறது இன்னும் பெரிய கேள்வி.

பயிற்சி மட்டும் வேலையை உருவாக்காதுங்கறதையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டுல 71 அரசு ஐ.டி.ஐ-க்களை 2,877 கோடி ரூபாயில டாடா டெக்னாலஜீஸோட சேர்ந்து நவீனப்படுத்தற வேலையில இறங்கினாங்க. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் அந்த மெஷின்களை ஓட்ட ஆள் தேவைப்படறதால அதுக்கு அர்த்தம் இருக்கு. தொழிற்சாலையே இல்லாத மாவட்டத்துல படிச்சவன், வேலைக்கு ஊரை விட்டுத்தான் போகணும்.

அக்காவுக்கு என்ன சொன்னேன்?

"வளையலை வைக்காதக்கா. அந்த மையத்துல மூணு கேள்வி கேளு"ன்னு சொன்னேன். வேலை கொடுக்கப் போற கம்பெனி எது, எழுத்துல தருவாங்களா? போன பேட்ச்ல சேர்ந்தவங்க இப்ப எங்க வேலை பார்க்கறாங்க, ரெண்டு பேர்கிட்ட பேச முடியுமா? கட்டணத்துல பாதியை வேலை கிடைச்ச பிறகு வாங்கிப்பாங்களா? மூணுக்கும் சரியான பதில் வரல.

பையன் அப்ரண்டீஸ் போர்ட்டல்ல பதிவு பண்ணி, நாலு மாசம் கழிச்சு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில சேர்ந்தான். ஒப்பந்தம் போர்ட்டல்ல பதிவாகியிருக்கான்னு நாங்க சரிபார்த்துட்டுத்தான் அனுப்பினோம். நீங்களும் அதைக் கட்டாயம் பாருங்க. மூணு பேரோட ரூம் ஷேர் பண்றான், மாசக் கடைசியில கை கடிக்குது, அக்கா ஆயிரம் ரெண்டாயிரம் அனுப்பறாங்க. வருஷம் முடிஞ்சதும் அவனை வச்சுப்பாங்களான்னு இன்னும் தெரியாது. ஆனா அடுத்த இண்டர்வியூவுல "என்ன மெஷின்ல வேலை செஞ்சிருக்கே"ன்னு கேட்டா அவன்கிட்ட பதில் இருக்கு. வளையலும் அக்கா கையிலேயே இருக்கு.

உங்க வீட்லயோ தெருவுலயோ இப்படி முடிவெடுக்க வேண்டிய நிலையில யாராவது இருந்தா, பணம் கட்டறதுக்கு முன்னாடி இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.