புயல் ராத்திரியில் மொட்டைமாடிக்கு வந்த படம்

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

முதல்ல ஒரு சத்தம் கேளுங்க.

[ஒலி: சீரான டிக்-டாக், டிக்-டாக்; கூடவே மெல்லிய விசில். 10 விநாடி.]

பழைய சுவர்க்கடிகாரம் விசில் அடிச்சா எப்படி இருக்குமோ, அப்படி இருக்கு இல்லையா? ஆனா இது கடிகாரம் இல்லை, ஒரு படம். 2023 டிசம்பர் 4 ராத்திரி, வங்காள விரிகுடாவை விண்வெளியிலிருந்து பார்த்த படம். எங்க வீட்டு மொட்டைமாடியில் நானே பிடிச்சது.

சென்னையில் இருந்தவங்களுக்கு அந்தத் தேதி மறக்காது. மிக்ஜாம் புயல். எங்க தெருவில் இடுப்பளவு தண்ணி. கரண்ட் இல்லை. மதியத்துக்கு மேல டவரும் போச்சு. போன்ல சார்ஜ் இருந்தும் அதுல பார்க்க ஒண்ணும் இல்லை. வெளியே என்ன நடக்குதுன்னே தெரியாம உட்கார்ந்திருந்தோம். அம்மா திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் கேட்டாங்க: "இது இன்னும் நம்ம தலைமேலதான் நிக்குதா, நகர்ந்துடுச்சாடா?"

என்கிட்ட ஒரு லேப்டாப்பில் பாதி சார்ஜ், பென் டிரைவ் அளவுக்கு ஒரு யுஎஸ்பி ரிசீவர், ரெண்டு அலுமினியக் கம்பி இருந்தது. அதை வச்சு அந்தக் கேள்விக்குப் பதில் தேட முடியும்னு எனக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

படம் எப்படி சத்தம் ஆகுது?

1966 பிப்ரவரிக்குப் போவோம். சோவியத் யூனியனின் லூனா-9 நிலாவில் மெதுவா இறங்கி, அங்கிருந்து படம் அனுப்புது. இங்கிலாந்தில் ஜோட்ரெல் பேங்க் வானொலி ஆய்வகத்தில் அந்த சிக்னலைக் கேட்டவங்களுக்கு ஒரு சந்தேகம். இது பத்திரிகை ஆபீஸ்ல படம் அனுப்புற மெஷின் சத்தம் மாதிரியே இருக்கே! டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையிலிருந்து அந்த மெஷினை வரவழைச்சு சிக்னலைக் கொடுத்தாங்க. நிலாவின் தரை பேப்பரில் வந்துடுச்சு. சோவியத் அதிகாரபூர்வமா வெளியிடுறதுக்கு முன்னாடியே லண்டன் பத்திரிகையில் படம்!

தத்துவம் ரொம்ப எளிது. ஒரு படத்தை வரிவரியா வெட்டுங்க. ஒவ்வொரு வரியிலும் வெளிச்சமான இடத்துக்குச் சத்தத்தைக் கூட்டுங்க, இருட்டான இடத்துக்குக் குறைங்க. அவ்வளவுதான், படம் சத்தம் ஆயிடுச்சு. மறுமுனையில் அதைத் திருப்பிப் பண்ணினா சத்தம் படம் ஆயிடும்.

அமெரிக்காவின் நோவா வானிலைச் செயற்கைக்கோள்கள் இப்படித்தான் அனுப்பின. ஏறக்குறைய 850 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்துக்குத் துருவம் சுத்தும். விநாடிக்கு 2 வரி. நீங்க கேட்ட டிக்-டாக் அதுதான், ஒவ்வொரு வரியின் தொடக்க அடையாளம். ஒரு தடவை நம்ம வானத்தைக் கடக்க 12 முதல் 15 நிமிஷம். அதுக்குள்ள இமயமலையிலிருந்து இலங்கைக்குத் தெற்கே உள்ள கடல் வரை ஒரு நீளப் படம் கிடைச்சிடும். அனுப்புற சக்தி வெறும் 5 வாட், ஒரு சின்ன நைட் லேம்ப் அளவு. அது 850 கிலோமீட்டர் தாண்டி என் மாடிக்கு வருது. ஏன் வருதுன்னா, நடுவில் சுவர் இல்லை, மலை இல்லை. நேர்ப்பார்வைதான்.

முக்கியமான விஷயம், இதில் பூட்டு கிடையாது. 1963ல டைரோஸ்-8 செயற்கைக்கோளில் இந்த முறையைத் தொடங்கினப்பவே, கீழே யார் வேணும்னாலும் எளிய கருவியில் நேரடியா வாங்கிக்கலாம் என்பதுதான் நோக்கம். பாஸ்வேர்ட் இல்லை, சந்தா இல்லை, இன்டர்நெட்டும் வேண்டாம்.

என்னென்ன வேணும்?

ஒண்ணு, ரிசீவர். கம்ப்யூட்டரில் டிவி பார்க்கறதுக்காக ஒரு யுஎஸ்பி டாங்கிள் வித்தாங்க, ஞாபகம் இருக்கா? அதுக்குள்ள இருக்கிற ஆர்டிஎல் சிப், டிவியை மட்டுமில்லாம பரந்த அலைவரிசையில் எந்த ரேடியோ சிக்னலையும் கம்ப்யூட்டருக்குள்ள கொட்டும்னு 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடிச்சாங்க. அதுவரை பெரிய விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த கருவி, சில ஆயிரம் ரூபாய்க்கு வந்துடுச்சு. இதைத்தான் ஆர்டிஎல்-எஸ்டிஆர்னு சொல்றோம்.

ரெண்டு, ஆண்டெனா. ரெண்டு அலுமினியக் கம்பி, ஒவ்வொண்ணும் 53 சென்டிமீட்டர். 120 டிகிரி கோணத்தில், ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வைக்கணும். எழுப்பி நிறுத்தாதீங்க, தரைக்குச் சமமா படுக்க வைங்க. 'வி'யின் வாய் வடக்கு அல்லது தெற்கைப் பார்க்கட்டும். இப்படி வச்சா ஆண்டெனா மேலே வானத்தைக் கவனிக்கும். தரையில் செங்குத்தா அனுப்பப்படுற உள்ளூர் சிக்னல்களைப் பெரும்பாலும் ஒதுக்கிடும். நான் பழைய டிவி ஆண்டெனா கம்பியை வெட்டி, பிவிசி பைப்பில் கட்டினேன். ஒயர்? கேபிள் டிவி ஒயரே போதும்.

மூணு, மென்பொருள். எல்லாம் இலவசம். செயற்கைக்கோள் எப்ப வரும்னு சொல்ல ஜிபிரெடிக்ட், சிக்னலைப் படமாக்க சாட்டம்ப்.

நான் பண்ணின தப்புகள்

முதல் வாரம் எனக்கு வந்தது எல்லாம் புள்ளிமழை. காரணம் ஒண்ணு: அலைவரிசை அகலத்தை வாக்கி-டாக்கிக்கு வைக்கிற மாதிரி குறுகலா வச்சிருந்தேன். இந்த சிக்னலுக்கு ஏறக்குறைய 40 கிலோஹெர்ட்ஸ் வேணும். காரணம் ரெண்டு: மாடிப்படியில் இருந்த எல்இடி பல்ப். மலிவான பல்ப், மலிவான சார்ஜர் எல்லாமே ரேடியோ இரைச்சலைக் கக்கும். பல்பை அணைச்சதும் பாதிப் புள்ளி காணோம்.

முதல் நல்ல படம் வந்தப்போ இன்னொரு கூத்து. இலங்கை மேலே இருக்கு, இந்தியா கீழே தொங்குது! டாங்கிள் கெட்டுப்போச்சுன்னே நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது, அந்தத் தடவை செயற்கைக்கோள் தெற்கிலிருந்து வடக்கே போயிருக்கு. அது பார்த்த வரிசையில்தான் அனுப்பும். படத்தைத் திருப்பிப் பார்த்துக்க வேண்டியது நம்ம வேலை.

அந்த ராத்திரி

சரி, டிசம்பர் 4க்கு வருவோம். நெட் இல்லாம செயற்கைக்கோள் வர்ற நேரம் எப்படித் தெரியும்? அதன் சுற்றுப்பாதைக் கணக்கை ரெண்டு நாள் முன்னாடியே இறக்கி வச்சிருந்தேன். சில நாளைக்கு அது போதும். மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் ஆண்டெனாவை வெளியே வச்சுட்டு, லேப்டாப்போட படிக்கட்டு ரூமுக்குள்ள உட்கார்ந்தேன். 137 மெகாஹெர்ட்ஸ் அலையை மழையும் மேகமும் பெருசா தடுக்காது. டிஷ் டிவி மழையில் போற மாதிரி இது போகாது.

ராத்திரியானா அகச்சிவப்புப் படம்தான் பயன்படும். அதுல குளிர்ந்த மேகம் வெள்ளையாத் தெரியும். வரிவரியா வந்தது. கரையைக் கண்டுபிடிச்சு, சென்னை எங்கேன்னு விரல் வச்சுப் பார்த்தேன். அடர்ந்த வெள்ளைத் திரள் நமக்கு வடக்கே, நெல்லூர்ப் பக்கம் இருந்தது.

அம்மாகிட்ட காட்டினேன். "நகர்ந்துடுச்சும்மா." அவங்க படத்தையும் பார்த்தாங்க, என்னையும் பார்த்தாங்க. "இதை எவன் அனுப்பினான்?"னு கேட்டாங்க. "அமெரிக்காக்காரன்"னேன். "நமக்கு எதுக்குடா அனுப்பறான்?" எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியலை.

ஒண்ணு நேர்மையாச் சொல்லணும். ஒரே ஒரு படம் வானிலை முன்னறிவிப்பு ஆகாது. மழை நின்னுச்சு, ஆனா எங்க தெருவில் தண்ணி வடிய நாள் கணக்கில் ஆச்சு. அதை எந்தச் செயற்கைக்கோளும் எனக்குச் சொல்லலை. எச்சரிக்கைக்கு வானிலை ஆய்வு மையத்தைத்தான் நம்பணும். ஆனா எல்லாத் தொடர்பும் அறுந்த ஒரு ராத்திரியில், "எங்கே இருக்கு?" என்கிற ஒரே கேள்விக்குக் கண்ணால பார்த்த பதில் கிடைச்சது. அம்மா அன்னைக்குக் கொஞ்ச நேரமாவது தூங்கினாங்க.

இப்போ என்ன நிலைமை?

அந்த நோவா செயற்கைக்கோள்கள் இன்னைக்கு இல்லை. 1998ல ஏவின நோவா-15, 2005ல ஏவின 18, 2009ல ஏவின 19 மூணையும் 2025ல நிறுத்திட்டாங்க. வயசாயிடுச்சு. 15 மட்டுமே 27 வருஷம் ஓடிச்சு. ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், பழக்கதோஷத்தில் ஆண்டெனாவை வச்சுட்டு உட்கார்ந்தேன். வெறும் இரைச்சல். டிக்-டாக் வரலை. தினமும் போற வழியில் ஒரு டீக்கடையை மூடிட்ட மாதிரி இருந்தது.

ஆனா கதை முடியலை. ரஷ்யாவின் மீட்டியோர்-எம் 2-3, 2-4 ரெண்டும் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான் அனுப்புது. அதே கம்பி, அதே டாங்கிள் போதும். படமும் ரொம்பத் துல்லியம்: நோவாவில் ஒரு புள்ளிக்கு 4 கிலோமீட்டர்னா, இதுல 1 கிலோமீட்டர். ஆனா இது டிஜிட்டல். பழையதுல சிக்னல் குறைஞ்சா படம் மங்கலா, புள்ளியா வரும். இதுல வந்தா முழுசா வரும், இல்லைன்னா கறுப்புப் பட்டை. ஒரு நேரத்தில் 3 சேனல் மட்டும்தான் அனுப்பும். அதில் அகச்சிவப்பு இருந்தால்தான் ராத்திரியில் பயன்படும்.

இன்னும் எளிதா தொடங்கணுமா? சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சில சிறப்பு நாட்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்புவாங்க. ஒரு படத்துக்கு 2 நிமிஷம். ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வச்சு, ரோபாட்36 ஆப்பைத் திறந்தா படம் விழும். ஆனா நாம இதில் கேட்பவர்கள் மட்டும்தான். திருப்பி அனுப்பணும்னா ஹாம் ரேடியோ தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியே ஆகணும்.

அம்மா கேட்ட கேள்விக்கு இப்போ என்கிட்ட பதில் இருக்கு. அது நமக்குன்னு அனுப்பினது இல்லை, கீழே இருக்கிற எல்லாருக்கும் அனுப்பினது. கம்பியை நீட்டினவங்களுக்குக் கிடைச்சது.

செய்து பார்க்கிறதா இருந்தா, ஒரு வேண்டுகோள். டிசம்பர் வர்ற வரை காத்திருக்காதீங்க. வெயில் அடிக்கிற ஒரு சாதாரண ஞாயித்துக்கிழமை பழகுங்க. நான் முதல் வாரம் பண்ணின தப்பையெல்லாம் புயல் ராத்திரியில் பண்ணியிருந்தா, அம்மாவுக்குக் காட்ட என்கிட்ட புள்ளிமழைதான் இருந்திருக்கும்.