லடாக் போகிற பெண்ணின் பை

பெசன்ட் நகர்க் கடற்கரையில் மே மாதப் புழுக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டே குளிரைப் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கைதான். என்ன செய்வது? நம் வீட்டுப் பெண்கள்கூட மோட்டார் சைக்கிளில் லடாக் கிளம்பிவிடுகிறார்களே! "ஜாக்கிரதை" என்று சொல்வதோடு, பையில் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. லே நகரமே 11,500 அடி உயரம். அதற்கு மேலே கர்துங் லா கணவாய். 18,380 அடி என்று அங்கே பலகை வைத்திருந்தார்கள். அளந்து பார்த்ததில் 17,582 அடிதான். (குளிருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது!) கடற்கரையில் 35 டிகிரி என்றால், அந்தக் கணக்குப்படி கணவாயில் பூஜ்யம். போதாக்குறைக்கு, ஓடும் வண்டியில் முகத்தில் அறையும் காற்று வேறு.

உடனே பீரோவைத் திறந்து, பாட்டி பின்னிய கனத்த ஸ்வெட்டரை எடுக்கிறீர்கள் அல்லவா? வண்டியில் அது உதவாது, அம்மா! பின்னல் துவாரம் வழியே காற்று புகுந்துவிடும். கனமான ஒன்றைவிட மெல்லியவை மூன்று மேல். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை. அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு. முழங்கையில் திண்டு வைத்துத் தைத்த கோட்டாக இருந்தால், விழுந்தாலும் எலும்பு தப்பும். அடுக்குகளுக்கு நடுவே அடைபட்ட காற்றுதான் சூட்டைக் காக்கிறது.

பெரிய சத்துரு யார் தெரியுமா? நமக்குப் பிரியமான பருத்திதான்! இங்கே வியர்வையைக் குடித்துக் குளுமை தரும் அதே குணம் அங்கே பகையாகிறது. நனைந்த பருத்தி பனியன் லேசில் காயாது. உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு கதகதப்புத் தரும். பகலில் பனி உருகி, சாலைக்குக் குறுக்கே ஓடை பாயும். கால் நனையாமல் தாண்டுவது அபூர்வம். ஆகவே கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அதிகமாக, பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள்.

கையுறையில் மட்டும் சிக்கனம் கூடாது. விரல் மரத்துப் போனால் பிரேக்கை எப்படிப் பிடிப்பது? புதுப் பூட்ஸை ஒரு வாரம் முன்னதாகவே போட்டுக்கொண்டு திருவான்மியூர் வரை நடந்து பழகட்டும். கறுப்புக் கண்ணாடி அவசியம். துப்பட்டா வேண்டவே வேண்டாம். சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து.

கணவாயில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, நம் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். எந்தக் கம்பளியும் அதை ஈடு செய்யாது. லேயில் இரண்டு நாளாவது தங்கி இளைப்பாறச் சொல்லுங்கள். தலைவலியும் வாந்தியும் வந்தால் மேலே ஏறக் கூடாது. தணியாவிட்டால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

பாட்டியின் ஸ்வெட்டரா? அதையும் பையின் அடியில் வையுங்கள். காற்றுப் புகாத அறையில், இரவில் போட்டுக்கொண்டு தூங்க அதுபோல் சுகம் வேறில்லை.