தாய்ப்பசுவின் வளர்சிதைமாற்றமும் கன்றின் நலமும்

பிறந்த கன்றின் நலம், கரு உருவாகும் காலத்திலும் சினைக்காலத்திலும் தாய்ப்பசுவின் உடலில் நிகழும் வளர்சிதைமாற்றத்தைச் சார்ந்ததாகும். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள் ஆகும்.

கருவின் தொடக்க நிலை

கருவுற்ற முட்டை 4 அல்லது 5 ஆம் நாளில் கருப்பையை அடைகிறது. நஞ்சுக்கொடி அமையும்வரை கருப்பைச் சுரப்பே அதன் உணவு. 16 ஆம் நாளையொட்டிக் கரு சுரக்கும் இன்டர்பெரான் டௌ என்னும் புரதம் சினையைத் தாயுடலுக்கு உணர்த்துகிறது. ஆய்வகத்தில் வளர்த்த கருக்களிலிருந்து சில வேளைகளில் மிகைப்பருமனான கன்றுகள் பிறப்பதுண்டு. தொடக்கச் சூழல் மரபணுக்களின் செயற்பாட்டை மாற்றுவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

தாயின் வளர்சிதைமாற்றம்

பால் சுரப்புக்கு வேண்டிய ஆற்றல் தீவனத்தில் கிடைக்காதபோது பசு தன் உடற்கொழுப்பைக் கரைக்கிறது. அப்போது குருதியில் கொழுப்பு அமிலங்களும் கீட்டோன்களும் மிகுந்து, முட்டையின் தரம் குறையலாம். கன்றின் எடை பெரும்பாலும் சினையின் கடைசி மூன்று மாதங்களில் கூடுகிறது. அக்காலத்தில் தீவனம் குறைந்தால் கன்று மெலிந்து பிறக்கலாம். சுண்ணாம்புச்சத்து குறைந்தால் ஈனுதல் நீண்டு, கன்றுக்கு மூச்சுத்திணறல் நேரலாம்.

சீம்பால்

பசுவின் நஞ்சுக்கொடி வழியே எதிர்ப்பொருள்கள் கன்றுக்குச் செல்வதில்லை. அவை சீம்பாலிலேயே கிடைக்கின்றன. அவற்றை உறிஞ்சும் குடலின் திறன் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் கொடாமல் காத்திருக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இவ்வழக்கம் கன்றுக்குத் தீங்கானது. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுதல் வேண்டும்.

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்வி

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 இல் சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்டு, பின்னர் வேப்பேரிக்கு மாற்றப்பட்டது. 1989 இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, இக்கல்லூரி அதன் உறுப்பானது.